வேப்பங்கிளையில் தொங்கிய நேர்காணல்

கணக்கில் தப்புச் செய்தவர்கள் ஏராளம். அந்தத் தப்பை நேர்காணலில், பெற்ற தாயை வைத்தே நிரூபித்துக் காட்டியவள் அநேகமாக நான் ஒருத்திதான்.

என் ஆராய்ச்சி டிரைவ்டு கேட்டகரி என்ற வடிவியல் சமாச்சாரத்தில். (பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.) ஒரு வடிவத்தைப் பற்றிய தகவலையெல்லாம் அடைத்த மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை முறுக்கலாம், அது ஒரு சமச்சீர். முறுக்கியதில் உள்ளே இருப்பவை எவ்வளவு நகர்ந்தன என்று காட்ட நிலைத்தன்மை என்றோர் அளவுகோல் உண்டு. இரண்டு முறை முறுக்கினால் எல்லாம் பழைய இடத்துக்கே வந்துவிடும் என்று ஓர் அத்தியாயமே எழுதியிருந்தேன். அதை நம்பித்தான் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பமும் போட்டிருந்தேன்.

போனில் வீடியோ நேர்காணல். அன்று எங்கள் ஊரான பரளச்சியில் இருந்தேன். எங்கள் வீட்டில் மொட்டைமாடியில் மட்டுமே சிக்னல். எங்கே வைத்தாலும் காற்று போனைத் தள்ளிவிட்டது. அம்மா பருத்தி மூட்டை கட்டும் சணலை எடுத்துவந்து மாடிமேல் சாய்ந்திருந்த வேப்பங்கிளையில் போனைக் கட்டித் தொங்கவிட்டாள். மூட்டைக்குப் போடும் பழக்கத்தில் சணலை இரண்டு சுற்று முறுக்கியும் வைத்தாள்.

"முறுக்கு ஏத்துனாத்தான் பிடி நிக்கும். இந்தா, போன் மொகம் ஒன்னையத்தான பாத்துருக்கு? நான் பின்னால நின்னு பிடிச்சுக்கிறேன், நீ பேசு."

பேசினேன். (அடேயப்பா, என்ன கம்பீரம்.) போன் தொங்கிய சணலையே உதாரணம் காட்டி, இரண்டு முறை முறுக்குவது ஒன்றுமே செய்யாததற்குச் சமம் என்று மூன்று பேராசிரியர்களிடம் நான் அறிவித்த நேரத்தில், மாடியில் காயப்போட்ட சோளத்தைத் தேடி ஓர் ஆடு படியேறி வந்தது. அம்மா போனை விட்டுவிட்டு ஆட்டைப் பிடிக்க ஓடினாள்.

போன் சுழன்றது. தண்ணீர்த் தொட்டி, ஆடு, அம்மா, நான், மறுபடி ஆடு என்று பேராசிரியர்கள் எங்கள் மாடியைச் சுற்றிப் பார்த்து முடித்தார்கள். ஒன்றுமே செய்யாத கயிறு இப்படிச் சுற்றுமா என்று மூவரில் நடுவில் இருந்த அம்மையார் நிதானமாகக் கேட்டார்.

அப்போதுதான் உறைத்தது. முகம் திரும்பி வந்ததை மட்டுமே நான் சரிபார்த்திருந்தேன். ஏறிய முறுக்கைப் பார்க்கவில்லை. அளவுகோலை வைத்துப் பார்த்திருந்தால் எல்லாம் இரண்டு படி நகர்ந்திருப்பது தெரிந்திருக்கும். போனை அணைத்துவிட்டு அழலாம் என்றுதான் தோன்றியது. அழவில்லை. நான் எழுதியது தப்பு, எங்கே தப்பென்று இப்போதே காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு, சாக்பீஸை எடுத்துத் தொட்டிச் சுவரில் எழுத ஆரம்பித்தேன். முடியும்வரை அம்மா ஒரு கையில் ஆட்டையும் மறு கையில் போனையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வேலை கிடைக்கவில்லை. அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டு ஒன்றரை வருடம் புதிதாக எழுதினேன். அதைப் படித்த அதே அம்மையார்தான் பிறகு என்னை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்.

போன மாதம் நான் ஊருக்கு வந்திருந்தபோது, அக்காவும் அத்தானும் பெரிய சண்டை போட்டு, சமாதானமாகி, ஒன்றும் நடக்காததுபோல் வீட்டுக்கு வந்தார்கள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றார் அத்தான். அம்மா இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"மொகம் திரும்பிருச்சு, சரி. கயித்த விட்டுப் பாத்தீகளா மாப்ள?"