ஷேர்டு ஃபோல்டர் என்னை உள்ளே விட மாட்டேன் என்கிறது, அக்கா

பாசத்துக்குரிய அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கம் சொல்லி எழுதுவது. நீயும் அத்தானும் சௌக்கியம் என்றே வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் இதற்குள் நீயே போன் போட்டு என்னைத் திட்டியிருப்பாய். இங்கே நான் சுகம், முழங்கால் சுமார், ஆபீஸ் கம்ப்யூட்டர்தான் படுத்துவிட்டது. போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ நடுவில் "என்னடா, என்னடா" என்று கேட்பாய். என்ன என்று எனக்கே தெரியாத விஷயத்தை அப்படிச் சொல்ல வராது. ஆகவே எழுதுகிறேன். முதலில் காரியம்: உன் மாடி அறையை எனக்காகக் காலி செய்து வை. அத்தானின் உடற்பயிற்சி சைக்கிளை வேறெங்காவது தள்ளச் சொல். வெள்ளிக்கிழமையோடு என் வேலை போய்விடும் போலிருக்கிறது.

பள்ளிக்கூட அட்லஸ் போடும் ஆபீஸில் நான் ஊர்ப்பெயர் சரிபார்ப்பவன் என்பது உனக்குத் தெரியும். ஓய்வு வயது தாண்டியும் வருஷா வருஷம் நீட்டித்துக் கொடுக்கிறார்கள். இந்த வருஷத்து நீட்டிப்பு, மேலாளர் மேசையில் கையெழுத்துக்குக் கிடக்கிறது. எங்கள் வரைபடங்கள் எல்லாம் சர்வர் என்ற ஒன்றில், எல்லோருக்கும் பொதுவான ஷேர்டு ஃபோல்டரில் இருக்கின்றன. அந்த சர்வர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு திசையில் கை காட்டுகிறார்கள். இத்தனைக்கும் வரைபடம் போடுகிற ஆபீஸ். எங்களுக்குக் கொடுத்திருப்பது மேக் கம்ப்யூட்டர். மேசை என் பொறுப்பு, நாற்காலி என் பொறுப்பு, கம்ப்யூட்டர் மட்டும் தலைமை அலுவலகத்தின் பொறுப்பு. எதைத் தொட்டாலும் "இதை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்று மங்கலாக எழுதிக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும்.

போன வாரம் அது பாஸ்வேர்டை மாற்று என்று கட்டளையிட்டது. மாற்றினேன். ஷேர்டு ஃபோல்டர் ஒழுங்காகத் திறந்தது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் உள்ளே விட மாட்டேன் என்கிறது. பெயரைக் கேட்கிறது, சொல்கிறேன். பாஸ்வேர்டைக் கேட்கிறது, கொடுக்கிறேன். உடனே திரையில் அந்தக் கேள்விப் பெட்டி ஒரு குலுங்கு குலுங்கி, பழையபடி பெயரைக் கேட்கிறது. புகார் கொடுக்கலாம் என்று புகார்ப் பக்கத்துக்குப் போனால் அதற்குள் நுழையவும் இதே பாஸ்வேர்டுதானாம். கடைசியில் உதவி மையத்துக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். குரல் அப்படியே தேன். பெயர் சொல்லவில்லை, ஆகவே தேன்குரல் என்றே வைத்துக்கொள்.

"சார், கேபிளைப் புடுங்கிட்டு வைஃபைல பாருங்க."

"பாத்துட்டேன்மா. திறக்கல."

"அப்ப வைஃபைய அணைச்சிட்டு கேபிளப் போடுங்க."

"முதல்ல அப்படித்தானேம்மா இருந்துச்சு?"

"இப்ப ரெண்டாவது தடவை சார். அது வேற."

எப்படி வேறு என்று நான் கேட்கவில்லை, படித்த பெண் சொல்கிறாள். பிறகு உங்கள் மேக்கில் மணி என்ன என்று கேட்டாள். நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னேன். சுவரில் இல்லை சார், மேக்கில் என்றாள். மேக்கின் மணியும் சர்வரின் மணியும் முன்னே பின்னே இருந்தால் சர்வர் கதவைத் திறக்காதாம். பார்த்தால் மேக் சரியாகத்தான் ஓடுகிறது, சுவர்க்கடிகாரம்தான் பின்தங்கியிருக்கிறது. கடலுக்கும் ஆற்றுக்கும் வண்ணம் போடுகிற எங்கள் ஆள், அவனை நீலம் என்றுதான் கூப்பிடுவோம், நாற்காலி மேல் ஏறி அதைத் திருத்தினான். அன்றைக்கு ஆபீஸில் சரியானது அது ஒன்றுதான். அப்புறம் தேன்குரல், மேக் பழைய பாஸ்வேர்டை மனப்பாடம் செய்து வைத்திருக்கும், அதை மறக்கடிக்க வேண்டும் என்று என்னைப் பத்து இடத்துக்கு அழைத்துப் போய் அதையும் அழித்தாள். "தப்பான பாஸ்வேர்டு நாலஞ்சு தடவை போனா கணக்கு தானாப் பூட்டிக்கும் சார், நான் திறந்து விடறேன்" என்று திறந்தும் விட்டாள். ஃபோல்டரும் திறந்தது. நன்றி சொல்லிப் போனை வைப்பதற்குள் மறுபடி பூட்டிக்கொண்டது.

இதுதான் அக்கா தினமும். அவள் திறப்பாள், அது பூட்டிக்கொள்ளும். ஒரு தடவை சோதனைக்காக என்னைக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னாள். பரீட்சை அறையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். அப்போதும் பூட்டிக்கொண்டது.

"யாரோ தப்பான பாஸ்வேர்டு அடிக்கறாங்க சார்."

"என் மேசையில நான் மட்டும்தாம்மா இருக்கேன்."

"அதான் சார்" என்றாள்.

அந்த "அதான் சார்" எனக்குச் சுருக்கென்றது. அதோடு விடவில்லை. "பயனர் திரும்பத் திரும்பத் தவறாக அடிக்கிறார்" என்று மேலாளருக்கும் தலைமை அலுவலகத்துக்கும் எழுதிவிட்டாள். மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க ஐயா, விரல் கொஞ்சம் நடுங்குதோ?" என்றார். நடுங்கவில்லை அக்கா. அவர் கேட்ட பிறகுதான் நடுங்கியது. வெள்ளிக்கிழமைக்குள் என் பக்கங்களைப் பார்த்து முடிக்காவிட்டால் நீட்டிப்பில் கையெழுத்துப் போடுவது தனக்குக் கஷ்டம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். பாவம், அவரும்தான் என்ன செய்வார்.

மற்றவர்கள் தங்கம். எல்லைக்கோடு என்று ஒருவன் இருக்கிறான், நாட்டு எல்லைகள் வரைபவன். நான் வாசலில் நுழைவதற்குள்ளேயே "ஐயா, திறந்துச்சா?" என்பான். பக்கத்து மேசைப் பெண் மணிக்கு ஒரு தரம் எட்டிப் பார்த்து "இப்பவாவது?" என்பாள். நீலம் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. என் துன்பத்தைப் பார்த்து அவர்கள் வேலையே செய்யவில்லை அக்கா, கையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சொந்தப் பிள்ளை இப்படிக் கவலைப்படுமா சொல்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பணத்துக்கு எனக்குக் கஷ்டம் இல்லை. என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்த பிறகு இந்த வீட்டில் காலையில் என்னை எழுப்புவது அந்த ஆபீஸ் ஒன்றுதான். அதுவும் இல்லையென்றால் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கே போவேன்? அதை நினைத்தால் பயமாக இருக்கிறது. அதற்கு உன் மாடி அறையில், அத்தான் வாய்விட்டுச் செய்தித்தாள் படிப்பதைக் கேட்டுக்கொண்டு கிடப்பது மேல். ஊர்ப்பெயர்களை இனி வேறு யாராவது பார்க்கட்டும். மலைக்குப் போக வேண்டியது கடலுக்குள் போனால் என்னைக் கேட்க வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லோரும் நல்ல கண்ணோடும் நல்ல ஞாபகத்தோடும் இருக்க என் ஆசிகள். நீ மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுவதை நிறுத்து.

எந்தப் பெயரிலும் எங்கேயும் உள்ளே போக முடியாத,
உன் தம்பி.

பி.கு.: ஆபீஸில் உட்கார்ந்து உறையை ஒட்டப்போகும்போது தேன்குரல் போன் செய்தாள். "சார், உங்க மேக் இல்ல சார். உங்க பேர்ல வேற நாலு மேக், பழைய பாஸ்வேர்ட வெச்சுக்கிட்டு நாள் பூரா தானாவே கதவைத் தட்டிக்கிட்டு இருக்கு. அதான் பூட்டிக்குது" என்றாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். மூன்று பேரும் திரையில் முகத்தைப் புதைத்திருந்தார்கள். அவர்களுக்கென்று தனி அனுமதி கேட்ட மனு தலைமை அலுவலகத்தில் ஊறிக்கொண்டிருக்கிறதாம். அதுவரை என் பெயரில்தான் எல்லோரும் உள்ளே போய்க்கொண்டிருந்தார்களாம். "பாஸ்வேர்டு எப்படிம்மா தெரியும்?" என்று பக்கத்து மேசைப் பெண்ணைக் கேட்டேன். "நீங்கதானே ஐயா சொன்னீங்க, யார்கிட்டயும் சொல்லாதேன்னு." எல்லைக்கோட்டிடமும் அப்படித்தான் சொன்னேனாம். நீலத்திடமும். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று இருந்திருக்கிறார்கள். நாலாவது மேக் யாருடையது என்று நான் யோசிப்பதற்குள் மேலாளர் என்னை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"நாலாவது நான்தான் ஐயா" என்றார். "நீங்க போயிட்டா உங்க கணக்கை மூடிருவாங்க. கணக்கை மூடினா எங்க யாருக்கும் அட்லஸ் திறக்காது." கையோடு நீட்டிப்பில் கையெழுத்தும் போட்டார். இத்தனை வருஷம் எந்த ஊர் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருந்ததற்கு இல்லை அக்கா, பாஸ்வேர்டுக்காக. வருத்தப்படலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன், ஆனால் சந்தோஷம்தான் முந்திக்கொண்டது.

அறையைக் காலி செய்ய வேண்டாம். இனிமேல் பாஸ்வேர்டை எவரிடமும் சொல்ல மாட்டேன் என்று தலைமை அலுவலகம் என்னிடம் எழுதி வாங்கியிருக்கிறது. புதிதாக ஒன்று வைத்திருக்கிறேன். நாலு பேருக்கும் தனித்தனியாகச் சொல்லியாகிவிட்டது.