விளக்குக்குள் மூச்சு விட்டவன்

முத்துக் குளிக்கப் போய் மூழ்கிச் செத்தவன் மோட்டார் சைக்கிள் விளக்குக்குள் புகுந்து மூச்சு விடுவான் என்று நான் மனதார நம்பியிருக்கிறேன். (அப்போது எனக்கு இருபத்தாறு வயது. படித்தவன் வேறு.)

எழுபதுகளின் நடுவில், என் நிச்சயதார்த்தத்தன்று. பெண் ஆலந்தலை ரோசம்மா. முதலில் பார்த்த மாப்பிள்ளை குடித்துவிட்டுப் பிந்தி வந்த எரிச்சலில், அவள் அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: மாலை ஜெபமாலை தொடங்குமுன் வராவிட்டால் சம்பந்தமே கிடையாது.

அத்தானின் வண்டி. ஓட்டியது நான், பின்னால் அத்தான். உப்புக் காற்றுக்குத் தோணியில் சுறா எண்ணெய் பூசுவது எங்கள் கரை வழக்கம். மாப்பிள்ளை போகும் வண்டி துருவோடு போகலாமா? ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் கழற்றி, சீட்டுக்கடியில் இருந்த ரெகுலேட்டருக்குக்கூட முதுகு, திருகு மரை என்று ஒன்று விடாமல் அந்த எண்ணெயைப் பூசி, காயவைத்து மாட்டியிருந்தேன்.

முத்தையாபுரம் தாண்டியதும் இருட்டிவிட்டது. இருபுறமும் உப்புக் குவியல்கள், வெள்ளைத் துணி போர்த்திக் குந்தியிருப்பவர்களைப் போல. விளக்கு திடீரென்று வெளுத்தது. பயந்து வேகத்தைக் குறைத்தேன், மஞ்சளாகச் சுருங்கியது. முறுக்கினேன், மறுபடி வெளுத்தது. உள்ளே யாரோ மூச்சை இழுத்து இழுத்து விட்டார்கள்.

"அத்தான், முங்கிச் செத்தவன் மூச்சு விடுதான்!"

"ஏலே, ரோட்டப் பாத்து ஓட்டு."

"அழுகின மீன் நாத்தம் அடிக்கே?"

"அது நீ பூசின எண்ணெய்லா, மூதி!"

அப்போது என் தொடைக்கடியில் களகளவென்று குமிழிச் சத்தம், தண்ணீருக்கடியில் யாரோ பேசுவது போல. தொடை நனைந்து எரிந்தது. அத்தானும் சிலுவை போட்டுக்கொண்டார். நான் முழு வேகத்தில் முறுக்கினேன். விளக்கு பட்டப்பகலாக எரிய, குவியல்கள் எல்லாம் எழுந்து நின்றன. 'பட்!' ஒரே இருட்டு.

"ரோசம்மாவ நீயே கட்டிக்கோ! என்னய விட்டுரு!" என்று அந்தச் செத்தவனிடம் கத்தினேன்.

நல்லவேளை, திருச்செந்தூர் பஸ் ஒன்று எங்களைத் தாண்டியது. அதன் பின்விளக்கை விடாமல் பிடித்து, ஜெபமாலைக்கு மணி அடிக்கும்போது போய்ச் சேர்ந்தோம். பெண்ணின் அப்பா என் வாயருகே மோந்து பார்த்தார். மீன் நாற்றம் மட்டும்தான், சம்மதித்துவிட்டார். அத்தான்தான் சும்மா இருக்கவில்லை, நான் கத்தியதைப் பந்தியில் சொல்லிவிட்டார். இன்றைக்கும் வீட்டில் கரண்ட் போனால் ரோசம்மா இருட்டைப் பார்த்து, "வாங்க, என்னய உங்களுக்குத்தான் குடுத்துட்டாரு" என்கிறாள்.

நடந்தது இவ்வளவுதான். என்ஜின் வேகம் ஏற ஏற ஆல்டர்னேட்டர் மின்சாரத்தைக் கூட்டிக்கொண்டே போகும். தேவைக்கு மிஞ்சியதை வண்டியின் சட்டத்தில் இறக்கிவிடுவது ரெகுலேட்டர். காய்ந்த சுறா எண்ணெய் ரெகுலேட்டருக்கும் சட்டத்துக்கும் நடுவில் தோலாக நின்று வழியை அடைத்துவிட்டது. மிஞ்சியதெல்லாம் பல்பை வெடிக்கவைத்து, என் தொடைக்கடியில் இருந்த பேட்டரியைக் களகளவென்று கொதிக்கவைத்தது. வழிந்த ஆசிட் என் புதுப் பேண்டில் ஓட்டை போட்டது.