உயர்குடிப் பிறந்த ஐயாவுக்கு ஒரு விண்ணப்பம்

கையெழுத்து அழகாக இருந்தால் போதும், என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள் என நம்பிய ஆள் நான். அந்த நம்பிக்கையைச் சுவிட்சர்லாந்துக்கும் கொண்டுவந்திருந்தேன். (வேறு சாமான் அதிகம் இருக்கவில்லை.)

எண்பதுகளின் நடுப்பகுதி. சோலோதுர்னில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அறைத்தோழன் குகன் ஒருநாள் நூலக வாசலில் விளம்பரம் ஒன்றைக் கண்டுவிட்டு வந்தான்.

"டொச் எழுத்து வாசிக்கப் படிப்பிக்கினமாம். காசும் இல்லையாம். போவமோ?"

டொச் என்றால் ஜெர்மன் மொழி. போனோம். வகுப்பில் எங்களைத் தவிர எல்லோரும் பென்சன்காரர். இந்த வயதிலும் எழுத்து வாசிக்கத் தெரியவில்லையே, பாவங்கள் என்று இரங்கினேன். உண்மையில் அது, பூட்டன்மார் எழுதிவைத்த பழைய ஜெர்மன் கையெழுத்தை வாசிக்கப் பழக்கும் வகுப்பு. அந்த எழுத்து வழக்கொழிந்து வெகுகாலம். ஆசிரியை அதை முதல் நாளே சொல்லியிருப்பார். எனக்கு விளங்கிய டொச்சுக்குள் அது அகப்படவில்லை.

குகன் இரண்டாம் வாரமே நின்றுவிட்டான். நான் விடவில்லை. 'ஈ' பார்க்க 'என்' போலிருக்கும். 'எஸ்' நீண்டு 'எஃப்' போல நிற்கும். அச்சில் ஒரு மாதிரி, கையால் வேறு மாதிரி எழுதுவார்களாக்கும் என்று எண்ணிக்கொண்டேன். (எங்கள் சமையல்காரர் எழுதும் துண்டுச்சீட்டும் எனக்கு ஒருநாளும் விளங்கியதில்லை. ஆகவே சந்தேகமே வரவில்லை.) பழைய கடிதங்களை மணிமணியாகப் பார்த்தெழுதினேன். பென்சன்காரர்கள் கைதட்டினார்கள்.

அப்போதுதான் பக்கத்து நகரமான பீலில் ஒரு கடிகாரத் தொழிற்சாலைக்கு ஆள் தேவை என்று பத்திரிகையில் வந்தது. விண்ணப்பம் கையால் எழுதப்பட வேண்டுமாம். எனக்கென்றே போட்ட விளம்பரம்! கோப்பைகளிடமிருந்து தப்ப வேறு வழியும் தெரியவில்லை. வகுப்புக் கடிதங்களில் அழகான வசனங்களைப் பொறுக்கி எழுதி அனுப்பினேன். உறையில் என் பெயரையும் முகவரியையும் குகன் எழுதியிருந்ததால், நேர்முகத்துக்குக் கூப்பிட அவர்களால் முடிந்தது.

அதிகாரி கடிதத்தை மேசையில் வைத்தார். தலைகீழாகத் திருப்பினார். மறுபடி நேராக்கினார்.

"இது உங்கட பாஷையோ? வடிவாயிருக்கு."

"இல்லை, டொச்," என்றேன் பெருமையாக.

அடுத்த அறையிலிருந்து தட்டெழுத்துப் பெண்ணைக் கூப்பிட்டார். அவருக்கும் விளங்கவில்லை. சொந்தப் பாஷையே தெரியாத சனங்கள் என்று நினைத்து, நானே வாங்கி உரக்க வாசித்தேன்:

"உயர்குடிப் பிறந்த ஐயா, கடவுள் அருளால் நானும் குதிரையும் நலம்."

குதிரையைக் குறிக்கும் அந்த டொச் சொல்லுக்குக் குடும்பம் என்று பொருள் என நினைத்திருந்தேன். மனிதன் கடிதத்தில் வேறு யாருடைய நலத்தை எழுதுவான்?

பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். அதிகாரி முகத்தை இறுக்கிக்கொண்டு கேட்டார்:

"குதிரை இப்ப எங்கை நிக்குது?"

"யாழ்ப்பாணத்தில. அப்பா, அம்மா, தங்கச்சி. விசா கிடைச்சால் எல்லாரையும் கூப்பிடுவன்."

அவர் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்து, கடிதத்தின் ஓரத்தில் வால், பிடரி எல்லாம் வைத்து ஒரு குதிரை கீறிக் காட்டினார். என் காது இரண்டும் சுட்டன. எழும்பி வெளிக்கிட்டேன்.

"இருங்கோ. இவ்வளவு நுணுக்கமா எழுதுற கை, மணிக்கூட்டுக்கு முள்ளுப் பூட்டவும் தோதாயிருக்கும். திங்கக்கிழமை வாங்கோ."

ஓய்வு பெறும்வரை அங்கேதான் முள்ளுப் பூட்டினேன். சில வருடங்களுக்குப் பின் கலியாணம் முற்றாகி மனைவி வந்து இறங்கியபோது, விமான நிலையத்திலேயே குகன் கதையைச் சொல்லிவிட்டான். இன்றும் யாராவது தொலைபேசியில் சுகம் விசாரித்தால், அவள் கதிரையில் சாய்ந்திருக்கும் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்:

"ஓம், கடவுள் அருளால் நான் நலம். குதிரை சாப்பிட்டிட்டு நித்திரை."