உங்கள் அக்கா வாங்கப்போகும் மலை மோட்டார்

தேயிலைத் தோட்டத்து லயன்,
கேமரன் மலை.

அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் சசிதரன் அவர்களுக்கு,

அத்தான் சிங்காரம் எழுதுவது. ஈப்போவில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய இந்த லயன் வீட்டில் போன் பேசினால் அடுப்படிவரை கேட்கும். வாட்ஸ்அப்பில் போட்டால் என் மகள் தனுஜா அதை அவள் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். ஆகவே தபால்.

உங்கள் அக்கா வேலம்மா, திரிங்காப்பில் ஒரு காய்கறித் தோட்டத்து ஆட்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோவது உங்களுக்குத் தெரியும். போன மாதம் அந்தத் தோட்டத்து முதலாளியான தவ்கே, மலைக்கு மேலே புது இடம் திருத்தி, ஆட்களை அங்கே ஏற்றிவிட்டார். பாதை முழுக்கச் செம்மண். மழை பெய்த அன்று அவளுடைய பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள் சேற்றில் புதைந்து, சாம்பார் வாளி கோசுப் பாத்தியில் கவிழ்ந்தது. "சாப்பாடு மேல வரலன்னா நான் வேற ஆள் பாக்கணும்லா" என்று தவ்கே சொல்லிவிட்டார். முழங்கால்வரை சேறோடு வீட்டுக்கு வந்தவள் அழுவாள் என்று நினைத்தேன். "எனக்கு அட்வென்சர் மோட்டார் வேணும்" என்றாள். அந்தச் சொல்லை அவளுக்குப் பழக்கியது நீங்கள். ஆற்றுக்குள் மோட்டார் ஓட்டும் ஒரு வெள்ளைக்காரனின் வீடியோவை அனுப்பியதும் நீங்கள். மெக்கானிக் வேலை பார்ப்பவர், குடும்பத்தில் செய்கிற காரியமா அது?

வேண்டாம் என்றால் சண்டை வரும். எனவே, எல்லா வண்டியையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்கவேண்டும் என்றேன். ஒப்பிட்டு முடிப்பதற்குள் ஆசை ஆறிவிடும் என்பது என் கணக்கு. அவளோ அந்தச் சனிக்கிழமையே என்னைத் தானா ராத்தா டவுனில் இருக்கும் மோட்டார் கடைக்கு இழுத்துப்போனாள். நல்லவேளை, அவளுடைய லைசன்ஸ் இருநூற்றைம்பது சிசியோடு நின்றுவிடுகிறது. அந்தச் சட்டம் மட்டும் இல்லாவிட்டால் அவள் எதைக் கேட்டிருப்பாளோ, மாரியம்மனுக்கே வெளிச்சம்.

கடையில் வேலை பார்க்கும் சோஃபியா என்ற பெண் மூன்று வண்டிகளைக் காட்டினாள். முதலாவது நூற்றைம்பது சிசி, கனம் குறைவு, முன்சக்கரம் பெரிது, பெட்ரோல் கொஞ்சமாகக் குடிக்கும், ரோட்டக்ஸ் என்கிற சாலை வரி ஒரு டீக்காசு. ஆனால் சீட்டு என் இடுப்புக்கு மேலே இருந்தது, உங்கள் வீட்டு உயரம் உங்கள் அக்காவுக்கு இருப்பதால் அவளுக்குக் கால் ஊன்றியது, எனக்கு ஊன்றவில்லை, புருஷன் என்ற முறையில் நான் ஏறிப் பார்த்தபோது ஊன்றாத பக்கமாகவே சாய்ந்து கடை வாசல் கால்வாய்க்குள் மோட்டாரோடு போய்விட்டேன், பிரேக் பிடி உடைந்தது, அதற்கு நான்தான் காசு கொடுத்தேன். இரண்டாவது இருநூற்றைம்பது, சீட்டு தாழ்வு, பெரிய டாங்கி, காற்றுத் தடுப்புக் கண்ணாடி, சக்கரம் வழுக்காத பிரேக். ஆனால் விலையும் இன்சூரன்ஸும் அதிகம், சேற்றில் விழுந்தால் தூக்க மூன்று பேர் வேண்டும். மூன்றாவதுதான் விலை மலிவு, நானே மகிழ்ந்துபோனேன், அப்புறம் சாமான் வைக்கும் இரும்புத் தட்டு தனி, பெட்டி தனி, எஞ்சினுக்குக் கீழ்த்தகடு தனி, மண்பாதை டயர் தனி என்று சோஃபியா கூட்டிக்கொண்டே போனாள், கடைசியில் அது இரண்டாவதைவிட விலை கூடிவிட்டது.

"பாத்தியா, எதுவுமே கட்டாது, போலாம்" என்றேன்.

"மேல சாப்பாடு ஏத்த ஜீப்பு வாடகைக்குப் புடிச்சா மாசத்துக்கு எவ்ளோ ஆகும்? ஒன்றரை வருசத்துல மொத மோட்டார் சும்மா வந்துரும்லா" என்றாள். சோஃபியா அவளுக்கு மரியாதையாகத் தலையாட்டினாள்.

பாரம் ஏற்றிப் பார்க்காமல் வாங்கக்கூடாது என்று நான் சொன்னது என் கடைசி ஆயுதம். பிடி மாற்றிய அந்த முதல் மோட்டாரையே கடையில் கேட்டு வாங்கி, உங்கள் அக்கா என்னைப் பின்னால் ஏற்றினாள். சோற்றுப் பானைக்குப் பதில் நான். தேயிலை மலை வழியாகக் கிளம்பினோம். கொழுந்து வெட்டுகிற மெசினை நிறுத்திவிட்டு ஆட்கள் பார்த்தார்கள். செங்குத்தான இடத்தில், "நீங்க எறங்குங்க, நல்லா போகும்" என்றாள். இறங்கினேன். மோட்டார் நன்றாகப் போனது. தலைக்கவசத்தோடு மழையில் நடந்துவந்த என்னை, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி புவனேஸ்வரன் தன் காரை நிறுத்தி, "என்ன சிங்காரம், பொஞ்சாதி விட்டுட்டு போயிட்டாங்களா?" என்று கேட்டார். இப்போது லயனில் எனக்குச் 'சோத்துப்பானை' என்று பேர். முப்பது வருஷமாக லோரி ஓட்டுகிறவனுக்கு இந்தப் பேர்.

வரும் சனிக்கிழமை முன்பணம் கட்டப்போகிறாள். அந்தப் பாதை சரிந்தால், அந்த மோட்டார் வழுக்கினால், என் கதி என்ன? அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை, ஒப்பீடுதான் வருகிறது. உங்களைத்தான் அவள் நம்புவாள். அந்த மோட்டாருக்குச் சாமான் கிடைக்காது, எஞ்சின் சூடாகும், ஏதாவது ஒன்று எழுதுங்கள் மச்சான். காலில் விழாத குறை.

மாரியம்மன் உங்கள் வீட்டாரை நான்கு சக்கரத்திலேயே ஏற்றி இறக்கிக் காக்கட்டும். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி.

இப்படிக்கு,
மனம் நொந்த அத்தான்,
சிங்காரம்

பி.கு.: கடிதம் தபாலில் சேராமல் லோரியிலேயே கிடந்துவிட்டது. அதற்குள் முதலாவது மோட்டார் வீட்டுக்கு வந்துவிட்டது. நேற்றுக் கோலா தெர்லா பக்கம் மண் சரிந்து ரோடு அடைபட்டு, காலையிலிருந்து லோரிக்காரர்கள் நாங்கள் பசியோடு வரிசையில் நின்றோம். மதியம் உங்கள் அக்கா சரிந்த மண்ணின் ஓரமாக ஏறி வந்தாள். தவ்கே ஆட்களுக்குக் கொடுத்ததுபோக மிச்சத்தை லோரிக்காரர்களுக்கு விற்றுக்கொண்டே வந்தாள். என் லோரி கடைசி. என்னிடம் வந்தபோது பானை காலி. "முடிஞ்சிருச்சுங்க. இன்னொரு மோட்டாரும் ஓட்ட ஆளும் இருந்தா இன்னும் கொண்டாந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் போய்விட்டாள். ஆகவே மேலே எழுதியது எதையும் மனதில் வைக்கவேண்டாம். சீட்டு தாழ்வான அந்த இரண்டாவது வண்டி ஈப்போவில் என்ன விலை என்று விசாரித்து, அக்காவுக்குத் தெரியாமல் எழுதவும். ஓட்டப்போவது நான்தான்.