கோழியைச் சுட்டது யார் என்பது பற்றி, எழுத்துமூலமாக

ஓசூர்,
வெள்ளிக்கிழமை, காலை டிபனுக்குப் பிறகு.

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் முனிவேல் அவர்களுக்கு, உங்கள் மாமா மதுரைவீரன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அக்கா முனிலட்சுமியும் கல்யாணப் பெண் ஹரிணியும் நலம். நாகரசம்பட்டியில் நீங்களும் குடும்பமும் தோப்பில் உள்ள மரங்களும் நலமாக இருக்க எல்லம்மாவை வேண்டிக்கொள்கிறேன். அங்கே மாங்காய் இறக்கும் நேரம் என்று தெரியும். ஆகவே இந்தக் கடிதத்தை ஏணியில் நின்றபடி படிக்க வேண்டாம், இறங்கி வந்து படிக்கவும்.

நீங்கள் கேட்டபடி இது எழுத்துமூலமான கடிதம். போன வாரம் உங்கள் அக்கா பத்திரிகை வைக்க வந்தபோது, "மாலை, சீர்த்தட்டு எல்லாம் கொண்டாறேன்க்கா, பொண்ணு கையப் புடிச்சு மேடை ஏத்தறதும் நாந்தான். ஆனா அன்னிக்குக் கோழியச் சுட்டது யாருன்னு உன் வூட்டுக்காரரு எழுதிக் குடுக்கணும். வாயில சொன்னா ஒத்துக்க மாட்டேன். கம்பெனியில குவாலிட்டி பாத்த மனுசன், மறுநாளே மாத்திப் பேசுவாரு" என்று சொல்லி அனுப்பினீர்களாம். அவளும் ஒரு எழுத்து சிந்தாமல் கொண்டு வந்து சேர்த்தாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஹரிணி, "மாமா வந்து கையப் புடிக்காம நான் ரூமை விட்டு வெளிய வர மாட்டேன், முகூர்த்தம் போனாப் போகட்டும்" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்வாள். பிடிவாதம் உங்க வீட்டுச் சரக்கு. கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

உன்னை எழுத விட்டால் எனக்குச் சாதகமாக எழுத மாட்டாய் என்பதால் நடந்ததை முதலிலிருந்து நானே பதிவு செய்கிறேன். (நீங்கள் வாருங்கள் என்று இதற்கு மேல் எழுத வரவில்லை, தப்பாக நினைக்காதே.) ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை. நீ எங்கள் கம்பெனியில் அப்ரன்டிஸ், எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாய். அந்தக் கேசட் போடுகிற வீடியோ கேம் பெட்டியை நான்தான் வாங்கி வந்தேன், கேசட்டை ஊதி ஊதி உள்ளே சொருகுகிற வேலை மட்டும் உன்னுடையது. டாங்க் ஆட்டம். கீழே செங்கல் சுவருக்குள் ஒரு பறவை உட்கார்ந்திருக்கும், அதற்கு நாம் வைத்த பெயர் கோழி. நாம் ரெண்டு பேரும் ஆளுக்கொரு டாங்கில் சுற்றிவந்து எதிரி டாங்குகளிடமிருந்து அந்தக் கோழியைக் காப்பாற்ற வேண்டும். எதிரி குண்டு பட்டாலும் கோழி சாகும், நம்ம குண்டு பட்டாலும் சாகும். இப்படி ஒரு ரூலை வைத்தவன் மச்சானும் மாமனும் ஒன்றாக உட்கார்ந்து ஆடுவதைப் பார்த்தே இருக்க மாட்டான். அன்றைக்கு முதல் தடவையாக முப்பத்தைந்தாவது ரவுண்டு வரை போய்விட்டோம், எதிரியில் மூணே மூணு டாங்குதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து நம்ம கறுப்பு வெள்ளை டிவியில் படம் போச்சு. பத்து எண்ணுகிற நேரம் வெறும் கோடுகள். படம் திரும்பி வந்தபோது இடது பக்கச் சுவரில் ஓட்டை, கோழி க்ளோஸ். நீதான் படம் தெரியாத நேரத்தில் கண்டபடி சுட்டாய் என்றேன் நான், "நீங்கதான் மாமா" என்றாய் நீ. அந்த டிவியில் ரெண்டு பேர் டாங்கும் ஒரே சாம்பல் கலர், எது யாருடையது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. பேச்சு முற்றியதில் நான் உன்னை ஒரு வார்த்தை சொன்னேன். நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு மத்தியான பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டாய், அப்ரன்டிஸையும் பாதியில் விட்டாய். இந்த இருபத்தாறு வருஷமாக எல்லா விசேஷத்துக்கும் வருகிறாய், பக்கத்து இலையிலேயே உட்காருகிறாய், ஆனால் "அக்கா, அந்த ஆளை ரசத்தை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்று சொல்கிறாயே தவிர என்னிடம் நேராகப் பேசுவதில்லை.

எழுதிக் கொடுப்பது என்றால் சும்மா எழுதிவிட முடியுமா? முப்பத்தொரு வருஷம் குவாலிட்டியில் இருந்தவன், டிரையல் போடாமல் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. மாப்பிள்ளை பிரேம்குமாரிடம் லேசாகச் சொன்னேன், அவர் உள்ளங்கை அளவில் ஒரு புதுப் பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். பழைய ஆட்டம் நானூறு அதற்குள்ளேயே இருக்கிறதாம், கேசட்டும் வேண்டாம், ஊதவும் வேண்டாம். நல்லவேளை, இது அப்போதே வந்திருந்தால் உனக்கு வீட்டில் வேலையே இருந்திருக்காது. ஆனால் ஜாய்ஸ்டிக் வயர் முழம்கூட இல்லை, ஆகவே நாற்பத்து மூணு இஞ்ச் டிவிக்கு முன்னால் தரையில், திரையை மூக்கு தொடுகிற தூரத்தில் உட்கார வேண்டியதாகிவிட்டது, உட்கார்ந்த என்னால் எழுந்திருக்க முடியவில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது, சரி, எழுந்திருக்க முடியாதவன் ஆடவாவது செய்யலாம் என்று ஆட்டத்தைப் போட்டேன். முதல் அதிர்ச்சி, அது கோழியே இல்லை மச்சான். கழுகு! கலரில், ரெண்டு ரெக்கையும் விரித்து, கொக்கி மூக்கோடு உட்கார்ந்திருக்கிறது. ஒரு கழுகுக்காகத்தான் இத்தனை வருஷம் கோழி கோழி என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு திரிந்திருக்கிறோம். இருந்தாலும் வாய் கோழி என்றேதான் சொல்கிறது.

ரெண்டாவது டாங்குக்கு ஆள் வேண்டுமே, பக்கத்து வீட்டு சுடலைமுத்துவைக் கூப்பிட்டேன். திருநெல்வேலிக்காரர், என்னோடுதான் ரிட்டயர் ஆனார். "அண்ணாச்சி, நம்ம ஆளையே நாம சுடலாமா? சுட்டாலும் சாவ மாட்டான், கொஞ்ச நேரம் அசையாம நிப்பானா? ஏ, நல்ல ஆட்டமால்லா இருக்கு!" என்றவர் எதிரி பக்கம் திரும்பவே இல்லை, என்னையே சுட்டுச் சுட்டு நிறுத்தி வைத்து ரசிக்கிறார். மனுஷனுக்கு என் மேல் அத்தனை வருஷக் கோபம் எங்கே இருந்ததோ. "யோவ், கோழி! கோழியைப் பாருய்யா! போச்சு, கோழி போச்சு, எல்லாம் போச்சு!" என்று நான் அலறுகிறேன், அந்த நேரத்தில் வாசலில் பழத்தட்டோடு வந்து நின்றவர் மாப்பிள்ளையின் அப்பா திம்மராயன். ஜூஜுவாடிக்காரர்கள் பற்றி உனக்குத் தெரியுமே, கல்யாணத்துக்கு மறுநாள் சம்பந்திகளுக்குப் போடுகிற கறிச் சாப்பாடு, அதுதான் பீகர ஊட்டா, அவர்களுக்குத் தாலிக்கு அடுத்தபடி முக்கியம். அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறார். வந்தவர் காதில் கோழி போச்சு, எல்லாம் போச்சு. "ஏன் பீகரே, கோளி பேட்வா?" என்று கன்னடத்தில் கேட்கிறார், என்ன சம்பந்தி, கோழி வேண்டாமா என்று. நான் திரும்பியாவது பார்த்திருக்க வேண்டும். சுடலைமுத்துதான் கேலிக்குக் கன்னடம் பேசி இன்னொரு ரவுண்டு வேண்டாமா என்கிறார் என்று நினைத்து, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "பேடா, பேடா! இந்த ஆளோட ஒட்டும் வேணாம் உறவும் வேணாம். எல்லாத்தையும் கலைச்சிட்டு முதல்லேருந்து பாத்துக்கலாம்!" என்றேன். தட்டு கீழே வைக்கிற சத்தம்தான் கேட்டது.

அரை மணி நேரத்தில் பிரேம்குமார் ஹரிணிக்கு போன் போட்டு, "உங்கப்பா கல்யாணத்தைக் கலைக்கச் சொன்னாராமே?" என்று கேட்க, ஹரிணி என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஜூஜுவாடிக்கு ஆட்டோவில் போய், சம்பந்தியைக் கையோடு கூட்டிவந்து, டிவி முன்னால் உட்கார வைத்து, இது கோழி, அதாவது கழுகு, இது சுவர், இது குண்டு என்று விளக்கிக் காட்டினேன். "ஓஹோ, இஷ்டேனா", இவ்வளவுதானா, என்று ஜாய்ஸ்டிக்கை வாங்கினவர் ஏழாவது ரவுண்டு வரைக்கும் கொடுக்கவே இல்லை. போகும்போது, மனசு நொந்ததற்கு ஈடாக பீகர ஊட்டாவில் கோழியோடு ஆட்டுக்கறியும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனியில் ஒரு பீஸ் பழுதாக வந்தால் ஒய்-ஒய் போடுவோம், ஏன், ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டால் பழுதின் வேர் தெரிந்துவிடும். அப்படியே கேட்டேன். ஆட்டம் ஏன் போச்சு? கோழி செத்தது. கோழி ஏன் செத்தது? இடது சுவரில் ஓட்டை. ஓட்டை ஏன்? இடது பக்கம் நின்ற டாங்க் சுட்டது. இடது பக்கம் நின்றது ஏன்? அது ஒன்றாம் நம்பர் ஜாய்ஸ்டிக்கின் டாங்க், ஒன்றாம் நம்பர் எப்போதும் இடது பக்கம்தான் கிளம்பும், இப்போது கலரில் மஞ்சளாகப் பளிச்சென்று தெரிகிறது. ஒன்றாம் நம்பர் ஜாய்ஸ்டிக் யாரிடம் இருந்தது, ஏன்? வீட்டுக்காரன் நான், பெட்டி வாங்கினவன் நான், ஒன்றாம் நம்பரை யாருக்கும் விட மாட்டேன் என்று அடம்பிடித்தவனும் நான். ஐந்தாவது ஏன் என் பெயரில் வந்து நின்றது. மூணு தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தேன், மாறவில்லை.

ஆகவே கோழியைச் சுட்டது நான்தான் என்று இதன்மூலம் உறுதி அளிக்கிறேன். கோழியைவிட எனக்கு உறுத்துவது அந்த வார்த்தைதான், முனிவேல். உன்னை நான் ரிஜெக்ட் பீசு என்றேன். இருபது வயசுப் பையன், அப்ரன்டிஸுக்கு வந்தவன், உன்னைப் பார்த்து ஒரு குவாலிட்டிக்காரன் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. உன் முகம் அப்படியே விழுந்துபோனதை நான் பார்த்தேன், பார்த்தும் சும்மா இருந்தேன். நீ போன பிறகு பஸ் ஸ்டாண்டு வரை ஓடி வந்தேன், பஸ் கிளம்பிவிட்டது. இதை உங்க அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. மன்னிச்சிருப்பா.

வீட்டில் சின்னவர்களுக்கு என் ஆசீர்வாதம், பெரியவர்களுக்கு வணக்கம், தோப்புக் காவல் நாய்க்கும் என் விசாரிப்பு. கல்யாணத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை காலையிலேயே வந்துவிடு, மாப்பிள்ளை அழைப்புக்கு நீ முன்னால் நிற்க வேண்டும். நூறாண்டு வாழ்ந்து இதேபோல் என்னோடு சண்டை போட அம்மன் துணை இருப்பாள்.

இப்படிக்கு,
குற்றத்தை ஒப்புக்கொண்ட உன் மாமா,
மு. மதுரைவீரன்,
குவாலிட்டி இன்ஸ்பெக்டர் (ஓய்வு)

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன்னால் உங்க அக்கா இதை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "ஏங்க, படம் போனப்ப டிவி தலையில ரெண்டு கையாலயும் டம்மு டம்முன்னு தட்டினது யாரு?" என்றாள். நான்தான். "அப்ப உங்க ஜாய்ஸ்டிக் எங்க இருந்துச்சு?" பாயில். "பாயில யாரு உட்கார்ந்திருந்தா?" எனக்கு அப்போதும் விளங்கவில்லை, அவளே சொன்னாள். அப்போது ஹரிணிக்கு ஒன்பது மாசம், பல் முளைக்கிற நேரம், கையில் கிடைத்ததை எல்லாம் கடிப்பாள், ஜாய்ஸ்டிக்கில் குண்டு சுடுகிற அந்தச் சிவப்புப் பட்டனை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டிருந்தாளாம். இவள் பார்த்தாளாம். பார்த்துவிட்டு, எச்சிலைத் துடைத்து ஜாய்ஸ்டிக்கைத் திரும்ப வைத்தாளாம்! "அடிப்பாவி, இருபத்தாறு வருஷமா ஏன்டி சொல்லலை?" என்றேன். "மொதல்ல சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க ரெண்டு பேரும் பேசாம இருந்ததுலதான் ஞாயித்துக்கிழமை டிவி என் கைக்கு வந்துச்சு" என்கிறாள். ஆகவே மேலே உள்ள ஒப்புதல் வாக்குமூலம் ரத்து, நீயும் நிரபராதி, நானும் நிரபராதி. நீ எழுத்துமூலமாக வேண்டும் என்று கேட்டதைக் குற்றவாளி ஹரிணியிடம் சொன்னேன். "மாமாவுக்கு நானே என் கைப்பட எழுதித் தர்றேம்பா. ஆனா தபால்ல அனுப்ப மாட்டேன், மேடைக்கு வந்து என் கையப் புடிச்சு வாங்கிக்கட்டும்" என்கிறாள்.