சுற்றுக்குப் போன தாள்

பதினொரு மணிக்கு டெஸ்பாட்ச் கிளார்க் தன் பையைக் குடைந்து பார்த்தார். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் பெயர் போட்ட முதல் தாள் மட்டும் இருந்தது. இரண்டாம் தாளைக் காணவில்லை.

எங்கே போயிருக்கும் என்று அவருக்குத் தெரியும். காலையில் தன் கையாலேயே கட்டி அனுப்பிய சுற்றுக் கோப்புக்குள். அந்த ஆபீசில் சுற்றுக் கோப்பு மேஜை மேஜையாகப் போகும். ஒவ்வொருவரும் எல்லாத் தாளையும் படித்துச் சுருக்கொப்பம் போட வேண்டும். இருபது வருஷத்தில் ஒரு கடிதத்தைக்கூட உறை மாற்றிப் போடாத மனிதர், தன் ஆண் ஹார்மோன் அளவைப் பதினெட்டுப் பேரின் ஒப்பத்துக்கு அனுப்பிவிட்டார்.

ஆபீசில் அவருக்குப் பட்டப்பெயர் பயில்வான். நாலு மாதமாக விடிவதற்குள் எழுந்து ஜிம்முக்குப் போய், தண்ணீர் கேனை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டிச் சம்பாதித்த பெயர். "கனமா தூக்குங்க சார், ஹார்மோன் பிச்சிக்கிட்டு ஏறும்" என்று ஜிம் மாஸ்டர் சொல்லியிருந்தார். எடை ஏறியது. ஹார்மோன் இறங்கிவிட்டது. விஷயம் வெளியே தெரிந்தால் நாளை முதல் அதே பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

கோப்பு முதலில் போயிருந்த டைப்பிஸ்ட் மேஜைக்கு ஓடினார்.

"சார், கோப்புல ஒரு தாள் தப்பா போயிடுச்சு."

"என்ன தாள்?"

"ஒண்ணும் இல்லாத தாள். நீங்க பாக்கவே வேணாம்."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். டைப்பிஸ்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் தாளிலிருந்து நிதானமாகப் படிக்க ஆரம்பித்தார்.

"சூப்பரின்டெண்ட் மேடம் உடனே கேக்கறாங்க!" என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டுக் கோப்பைப் பிடுங்கினார் பயில்வான்.

"நானா கேட்டேன்?" மேடம் அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். "சரி, குடுங்க. பாப்போம்."

மேடத்துக்கு எதையும் உரக்கப் படித்தால்தான் புரியும்.

"டெஸ்டோஸ்டெரோன், இயல்பைவிடக் குறைவு. டாக்டர் குறிப்பு: கனமான எடை தூக்கியதும் இந்த ஹார்மோன் கொஞ்ச நேரம் ஏறும், பிறகு பழைய அளவுக்கே வந்துவிடும். ஓய்வில்லாமல் தூக்கினால் குறையவும் கூடும். தூக்குவதைக் குறைத்து, தூக்கத்தைக் கூட்டவும்."

ஹாலில் ஆண்கள் அத்தனை பேருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது.

"யாரோடது இது? பேரே இல்லையே?"

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? "அது... ஆண் ஊழியர்களுக்கான ஆரோக்கியச் சுற்றறிக்கை, மேடம்" என்றார் பயில்வான்.

"நல்ல விஷயமாச்சே! எல்லாரும் ஒப்பம் போடுங்க. அப்புறம் நோட்டீஸ் போர்டுல குத்திடலாம்."

பதினெட்டு ஒப்பங்கள் விழுந்தன. கடைசியாகப் பயில்வானும் போட்டார். தன் குறையைத் தானே படித்துப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்ட அந்த நிமிஷத்தில் பட்டதுபோல அவர் எப்போதும் வெட்கப்பட்டதில்லை.

சாப்பாட்டு இடைவேளையில், ஆள் இல்லாத நேரம் பார்த்து நோட்டீஸ் போர்டுக்குப் போனார். குண்டூசி இருந்தது. தாள் இல்லை. பக்கத்தில் அட்டெண்டர் அம்மா பெருக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா..." என்று பக்கத்தில் போய் நின்றார். "இங்க ஒரு தாள் இருந்துச்சே... அது என் மச்சானோடது. பாவம், ரொம்பக் கூச்சப்படுவான். யாருக்கும் தெரியாம எடுத்துக் குடுத்துடுங்க."

அந்த அம்மா துடைப்பத்தைக் கீழே தட்டிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதைத் தன் மச்சானுக்கு வேணும்னு சொல்லி ஸ்டோர்கீப்பர் சார் அப்பவே கழட்டிட்டுப் போயிட்டாரு சார், இப்ப நீங்க வந்து கேக்கற அஞ்சாவது மச்சான்காரரு."