ட்ரிப் ஆகாத பிரேக்கர்

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் அங்கே மாவட்ட நினைவூட்டல் அலுவலகம் திறக்கப்பட்டது. மற்ற அலுவலகங்களுக்கு அவரவர் வேலையைக் கடிதம் மூலம் நினைவூட்டுவது அதன் பணி. கட்டடத்தில் கீழ்த்தளம், மேல்தளம். தளத்துக்கு ஒரு மின் பிரேக்கர்.

கீழ்த்தள பிரேக்கர் தினமும் மதியம் ட்ரிப் ஆகி மின்சாரத்தைத் துண்டித்துவிடும். கண்காணிப்பாளர் காசிநாதன் அறையில் இரண்டு ஏசி, கூடத்தில் டீ கெட்டில், சாப்பாடு சூடாக்கும் மின் அடுப்பு எல்லாம் ஒன்றாக ஓடினால் அதுதான் என்ன செய்யும்? மேல்தள பிரேக்கரோ திறப்பு விழா முதல் ஒருமுறைகூட ட்ரிப் ஆனதில்லை.

அந்த ஆண்டு துறையில் 'தடையில்லாச் சேவை' மோஸ்தர். தடையே இல்லாத அலுவலகத்துக்குக் கேடயம் என்று சுற்றறிக்கை வந்தது. காசிநாதன் மேல்தள பிரேக்கருக்கு மாலை போட்டு, 'முன்மாதிரிப் பணியாளர்' என்று சீட்டு ஒட்டினார். கீழ்த்தள பிரேக்கருக்குத் திருந்த ஒரு மாத அவகாசம் அன்புடன் வழங்கப்பட்டது.

மின் பிரிவிலிருந்து பவுலின் சோதனைப் பெட்டியோடு வந்தார். இரண்டிலும் அளவுக்கு மீறிய மின்சாரத்தை ஏற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார்: கீழே உள்ளது நன்று. மேலே உள்ளது பழுது.

"தலைகீழா எழுதிட்டியேம்மா," என்றார் காசிநாதன்.

"சரியாத்தான் சார் எழுதியிருக்கேன். லோடு ஜாஸ்தியானா ட்ரிப் ஆவறதுதான் அதோட வேலை."

"வேலைய நிறுத்தறது ஒரு வேலையா?"

"ஒயர் எரியாம இருக்கணும்னா, ஆமாங்க. மேல இருக்கறதுல கிரீஸ் காஞ்சி கல்லாயிடுச்சி. பொத்தான கையால அழுத்தினாலும் அசையலீங்க."

காசிநாதன் நெகிழ்ந்துபோனார். "எவ்ளோ அழுத்தம் குடுத்தாலும் அசையல! நம்ம ஆபீஸ்ல ஒருத்தனாவது அப்பிடிக் கீறானா?"

கீழ்த்தள பிரேக்கரைக் கழற்றிவிட்டு, அதன் லோடையும் மேல்தளத்துக்கே மாற்றும்படி முப்பத்தொரு ஊழியர்கள் மனு எழுதினார்கள். பவுலின் ஒப்புதல் கையெழுத்துப் போட மறுத்தார். மறுநாளே கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு மாற்றல். பள்ளி ஆண்டின் நடுவில் மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, பஸ்ஸில் மலையேறும் வழியெல்லாம் தன் அறிக்கையைத் திரும்பத் திரும்பப் படித்தார். ஒரு எழுத்துகூடத் தவறில்லை. அதனால்தான் அழுகை வந்தது.

கீழ்த்தள லோடு முழுவதும் மேல்தளத்துக்கு மாறியது. கேடயக் குழு வரும் நாள் அலுவலக உதவியாளர் பொன்னுரங்கம் ஓடி வந்தார்.

"சார், மாடிச் சுவத்துல புகை வந்துகினு இருக்குது!"

"ஃபேன் ஓடுதா?"

"ஓடுதுங்க."

"அப்புறம் இன்னா?"

கொஞ்ச நேரத்தில் எல்லாரும் தெருவில் நின்றார்கள். கூரை எரிந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. தீயின்போதும் நாற்பது நிமிடம் மின்சாரம் தடைபடவில்லை என்று விசாரணையில் உறுதியானதால், கேடயம் அந்த அலுவலகத்துக்கே கிடைத்தது.

விஷயம் ஊரெல்லாம் பரவியது. வெள்ளிமலையில் பவுலினுக்கு ஓயாமல் போன் வந்தது. கச்சிராயபாளையம் சாலையில் மாவு மில் வைத்திருக்கும் குஞ்சம்மாள் பேசினார்.

"எங்க பிரேக்கர் தெனம் ட்ரிப் ஆவுது. ஆபீஸ்ல எரியறப்பகூட அசையாம நின்னுச்சாமே, அந்த மாதிரி ஒண்ணு எங்கம்மா கிடைக்கும்?"

"ஐயோ, அத மாட்டினா மில்லே எரிஞ்சிடும்மா!"

"எரியறது என்னிக்கோ ஒரு நாளு. கரண்ட் தெனமுமில்ல போவுது?"